உங்கள் நாய் மீது புகார் வந்தால்...

(உழவர் தினக் கூட்டமொன்றில் உழவியல் துறை விரிவுரையாளர் ஆற்றிய உரை)



நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவது, களை எடுப்பது, ஊடுபயிர் போடுவது இவற்றைப் பற்றிப் பேசத்தான் நான் வழக்கமாக உங்கள் முன் நிற்பவன். இன்று நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. அண்மையில் ஒரு வயல்விழா முடிந்து எல்லோரும் கலைந்த பின்பு, ஒரு விவசாயி மட்டும் ஒதுங்கி நின்றார். "ஐயா, எங்க நாய் கடிச்சிடுச்சின்னு பக்கத்துக் கொல்லைக்காரரு போலீசுக்குப் போறேங்கிறாரு. நாங்க என்ன பண்றது?" என்று கேட்டார். கடிபட்டது யார் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை என்றார். குழந்தைக்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். "அது தெரியலைங்க. ஆனா எங்க நாய் கடிக்கலைங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தகப்பனாரும் ஒரு காலத்தில் இதே பதிலைத்தான் சொன்னார். அதைப் பின்னால் சொல்கிறேன். நான் மனித மருத்துவனும் அல்லன், கால்நடை மருத்துவனும் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். ஆயினும் கொல்லையும் பட்டியும் வைத்திருப்பவன் வீட்டில் நாய் இருந்தே தீரும். நாய் இருந்தால் என்றாவது ஒரு நாள் இந்தப் புகாரும் வரும். அன்றைக்கு எதை முதலில் செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்ற வரிசை மட்டும் தெரிந்திருந்தால் பாதிச் சங்கடம் தீரும்.

புகாரோடு ஒருவர் வாசலில் நிற்கும்போது நம் வாயில் முதலில் வருவது "எங்கள் நாய் கடிக்காது" என்பதே. அந்தச் சொல்லை அன்றைக்கு விழுங்கிவிடுங்கள். கடித்தது உங்கள் நாயா, ஊர் நாயா என்பதை நாளைக்கும் விசாரிக்கலாம், பத்து நாள் கழித்தும் விசாரிக்கலாம். காயம் அதுவரை காத்திராது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "காயத்தைக் கழுவினீர்களா?" என்பதுதான். இல்லை என்றால் அங்கேயே, உங்கள் வாசலிலேயே கழுவச் செய்யுங்கள். பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்தால் தொட்டிக் குழாயடியில் காலைக் காட்டச் சொல்லுங்கள். துணி சோப்போ, குளிக்கும் சோப்போ, கையில் அகப்பட்டதைத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். இரண்டு சொம்பு ஊற்றிவிட்டு ஆயிற்று என்று எழுந்துவிடக் கூடாது. வெறிநோய்க் கிருமியைச் சோப்பு அழிக்கும். தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். இதற்குக் காசும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். கழுவிய பின் பொவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி இருந்தால் தடவலாம்.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள், எருக்கம்பால் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். அவை கிருமியைக் கொல்வதில்லை, புண்ணைக் கிளறிவிடும். இறுக்கிக் கட்டும் போடாதீர்கள். தையல் போடலாமா, எப்போது போடலாம் என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கையானால் ஊசி போட்டுவிட்டு வந்து கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஊசி. வெறிநோய்க்கு ஊசி என்றால் இன்றும் நம் பெரியவர்கள் தொப்புளைத் தடவிப் பார்க்கிறார்கள். அந்தப் பழைய மருந்து ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்டது. நம் நாட்டில் 2004ஆம் ஆண்டின் இறுதியோடு அது நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடுவது வேறு மருந்து. வயிற்றில் அல்ல, கையில். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு முறை போக வேண்டும். தசையில் போடும் முறையானால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து முறை. முதல் ஊசி போட்ட நாளே 0 என்று கணக்கு. தோல் கிழிந்து இரத்தம் வந்த கடியாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிலும் போட வேண்டும். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லையென்றால் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அலுத்துக்கொள்ளாமல் அன்றே போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசமாகவே போடப்படுகிறது.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், நோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். சிலருக்குச் சில நாள்களிலேயே, சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் நோய் காணலாம். மூளைக்குப் போய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் பிழைக்க வைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். மடை உடைவதற்கு முன்னால்தானே வரப்பை அணைக்க முடியும்? 1885ஆம் ஆண்டு ஜூலையில் பாரிசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றியதும், கடிபட்ட இரண்டு நாள்களுக்குள் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததால்தான்.

உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டு அட்டையும் வைத்திருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அட்டையை நீட்டி, "எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது, உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். அட்டையைக் கடிபட்டவர் கையில் கொடுத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். முடிவு அவருடையது.

இனி நாயைப் பற்றிச் சொல்கிறேன். இங்கேதான் நம்மவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். புகார் வந்ததும் கடிபட்டவர் வீட்டார் நாயை அடித்துக் கொல்லப் பார்க்கிறார்கள். நாய்க்காரர் அதை எங்காவது கொண்டுபோய் விடப் பார்க்கிறார். இரண்டும் ஒரே தவறுதான். எப்படி என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

2001ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். எனக்குப் பத்து வயது. திருவண்ணாமலைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை. மல்லாட்டை பிடுங்கிக் காய் ஆய்ந்து, கொடியைப் போராகப் போட்டிருந்தோம். எங்கள் செவலை நாய் அந்தப் போரின் அடியில் குடைந்து நான்கு குட்டி போட்டிருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் மகனுக்கு எட்டு வயது. ஆயாமல் கொடியில் தங்கிய காய் ஏதாவது கிடைக்குமா என்று போரைக் கிளறிக்கொண்டிருந்தான். குட்டி இருந்த இடத்துக்கு அவன் கை போன நேரம், செவலை பாய்ந்து ஆடுசதையில் கடித்துவிட்டது. போரின் மேல் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் அந்தப் பையனின் தகப்பனார் கழியோடு வந்தார். என் தகப்பனார், "எங்க செவலை புள்ளைங்கள கடிக்கிற நாய் இல்ல. ஏதாச்சும் தெரு நாயா இருக்கும்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அன்றிரவு, நாயை அடித்துப் போட்டுவிடுவார்களே என்ற பயத்தில், என் தகப்பனார் அதைக் கோணியில் கட்டி, மாமாவின் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தார். அதைக் காப்பாற்றிவிட்டதாகவே அவர் எண்ணினார்.

அப்போது இருந்தது வயிற்றில் போடும் பழைய ஊசிதான். தினம் ஒன்று வீதம் பதினான்கு ஊசி என்றார்கள். அறுவடை வேலை நடக்கிற காலம். பையனின் தாயார் கூலியை விட்டுவிட்டுத் தினமும் பஸ் ஏறினார். முதல் நாளே மருத்துவர் அவரிடம் கேட்டாராம்: "நாய் உயிரோடு இருக்கிறதா? கட்டி வைத்துப் பார்க்கிறார்களா? பத்து நாள் நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திவிடலாம்." அந்த அம்மாள் எங்கள் களத்துக்கு வந்து நின்று கேட்டார். என் தகப்பனாரிடம் பதில் இல்லை. "நாயைக் காணோம்" என்றார். வாய்ச்சண்டை முற்றி, கூட்டுக் கிணற்றில் எங்கள் முறைத் தண்ணீரை அவர்கள் நிறுத்தினார்கள். மோட்டார் கொட்டகைச் சாவி அவர்கள் வீட்டில் இருந்தது. எங்கள் மிளகாய் நாற்று காய்ந்தது.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை செவலை தானாகவே திரும்பி வந்துவிட்டது. மடி கட்டி, கால் தேய்ந்து, நேராகப் போருக்குள் போனது. என் தாயார் ஆட்டுப்பால் ஊற்றியும் இரண்டு குட்டிகள் அதற்குள் செத்திருந்தன. என் தகப்பனார் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு நாயின் கழுத்தில் கயிற்றைப் போட்டுப் பிடித்துக்கொண்டு வரப்பைத் தாண்டி அவர்கள் வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போய், பார்த்ததைச் சொன்னேன். அந்த மனிதர் நாயையும் என் தகப்பனாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இத அன்னிக்கே கட்டிப் போட்டுக் காட்டியிருந்தா எம் புள்ள வயித்துல இத்தனை ஊசி ஏறியிருக்காதே, மாமா" என்றார். மருத்துவர் மீதி இரண்டு ஊசியை நிறுத்தினார். கிணற்றுச் சாவி ஒரு வாரம் கழித்து வந்தது.

அந்தப் பத்து நாள் கணக்கு என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நாய்க்கு வெறிநோய் வந்தால் கிருமி முதலில் மூளைக்குப் போய், அங்கிருந்துதான் உமிழ்நீருக்கு வருகிறது. உமிழ்நீரில் கிருமி வந்த சில நாள்களுக்குள் நாய்க்கு அறிகுறி தெரியும். அறிகுறி தெரிந்த நாய் விரைவில் செத்துவிடும். ஆகவே கடித்த நாளிலிருந்து பத்தாம் நாளன்று நாய் தின்று, குடித்து, வழக்கம்போல் இருக்குமானால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று பொருள். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. குரங்குக்கும் நரிக்கும் கீரிக்கும் பொருந்தாது. மேலும், பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று யாரும் இருந்துவிடக் கூடாது. ஊசி முதல் நாளே தொடங்க வேண்டும். பத்து நாள் கழித்து நாய் நலமாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்துவதா, நாளை மாற்றுவதா என்பதை மருத்துவர் சொல்வார்.

ஆகவே உயிரோடு கட்டியிருக்கும் நாய்தான் உங்களுக்கும் சாட்சி, அவர்களுக்கும் சாட்சி. அதைக் கயிற்றில் கட்டாதீர்கள், கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். சங்கிலியில் கட்டுங்கள், அல்லது கதவுள்ள கொட்டகையில் அடையுங்கள். நிழலும் தண்ணீரும் வேளைக்குச் சோறும் இருக்கட்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் கவனிக்கட்டும். சோற்றுத் தட்டைக் கழியால் தள்ளி வைக்கட்டும். குழந்தைகள் கிட்டே போகக் கூடாது. கால்நடை மருந்தகத்தில் அன்றே சொல்லி, மருத்துவரை நாயைப் பார்க்கச் செய்யுங்கள். கடித்த பிறகு அவசரம் அவசரமாக நாய்க்கு ஊசி போடுவதால் பயன் இல்லை. அது முன்பே தொற்றிய நோயைத் தடுக்காது. ஊசியால் நாய் சற்றுச் சோர்ந்தாலும் நோயோ என்ற குழப்பம் வரும். பத்து நாள் கழிந்தபின் மருத்துவர் சொல்லும் நாளில் போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடிபட்டவர் வீட்டாரை வரவழைத்து நாயைத் தூர நின்று பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். தினமும் வந்தால் இன்னும் நல்லது. கோபம் பாதி தணிவது அங்கேதான்.

வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும், தண்ணீரைக் கண்டால் பயப்படும் என்று நினைக்கிறோம். தண்ணீரைக் கண்டு மிரள்வது மனிதருக்கு வரும் அறிகுறி. வெறிநாய் தண்ணீர் குடிக்கவும் கூடும். ஆகையால் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குரல் மாறுதல், இருட்டில் போய்ப் பதுங்குதல், கல்லையும் கட்டையையும் கடித்தல், தாடை தொங்கி எச்சில் ஒழுகுதல், பின்கால் இழுத்தல் இவற்றைக் கவனியுங்கள். சில நாய்கள் யாரையும் துரத்தாமல், ஒரு மூலையில் முடங்கியே செத்துப்போகும். அப்படி ஏதாவது தெரிந்தாலும், நாய் செத்தாலும், உடனே கடிபட்டவருக்கும் மருத்துவருக்கும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அது ஓர் உயிரோடு விளையாடுவதாகும். செத்த நாயை வெறுங்கையால் தொடாதீர்கள், உடனே புதைத்தும் விடாதீர்கள். மூளையை ஆய்வுக்கு அனுப்ப வேண்டுமா என்று கால்நடை மருத்துவர் சொல்வார். தலையில் அடித்துக் கொன்ற நாயில் அந்தச் சோதனைக்கும் வழியில்லாமல் போய்விடும்.

பூச்சிமருந்தைச் சோற்றில் கலந்து வைக்கும் வழக்கத்தைப் பற்றி உழவியல்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்கிறேன். பயிருக்கு என்று வாங்கிய மருந்தை இப்படி வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். கடித்த நாய் தப்பித்துவிடும். காக்கையும் கோழியும் அடுத்தவர் ஆடும் சாகும். பிறர் நாயைக் கொல்வது பாரதிய நியாய சம்ஹிதையின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் நாய் கடிக்கவில்லை என்பது நிச்சயம் என்றால்? கடி நடந்த நேரத்தில் நாய் எங்கே இருந்தது, யார் பார்த்தார்கள், கடித்த நாயின் நிறம் என்ன, எந்தப் பக்கம் ஓடியது என்று பொறுமையாக விசாரியுங்கள். பயந்திருக்கிற குழந்தையின் முன்னால் நாயைக் கொண்டுபோய் நிறுத்தி, "இதுவா?" என்று கேட்காதீர்கள். எந்த நாயைக் காட்டினாலும் அது தலையாட்டும். ஆனால் "எங்கள் நாய் இல்லை" என்று நிரூபித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. அப்படியானால் கடித்த வேறொரு நாய் ஊரில் திரிகிறது. அது இன்னொரு குழந்தையையோ, உங்கள் கறவை மாட்டையோ, உங்கள் நாயையோகூடக் கடித்திருக்கலாம். அதைத் தேடுவதிலும் ஊராட்சிக்குச் சொல்வதிலும் உங்களுக்குத்தான் அக்கறை அதிகம் இருக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாலோ செய்யாமல் விட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவாக இருந்தது இது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையில் 291ஆம் பிரிவாக உள்ளது. ஆகவே நாய் முன்பே இரண்டொருவரைத் துரத்தியது என்று தெரிந்தும் அவிழ்த்துவிட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். வழக்கு என்று வந்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் விசாரியுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும்.

பஸ் செலவும், விட்டுப்போன கூலியும் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். என்னைக் கேட்டால் கொடுங்கள் என்பேன். கிணறும் வரப்பும் பாதையும் பொதுவாக வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சில நூறு ரூபாய் நஷ்டம் அல்ல. பெரிய தொகை கேட்டு ஊரார் முன்னிலையில் எழுதி வாங்குகிற நிலை வந்தால் மட்டும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பத்து நாள் கழிந்து நாயை அவிழ்க்குமுன், அது ஏன் கடித்தது என்று பாருங்கள். குட்டி போட்டிருந்ததா, தின்னும்போது யாராவது கிட்டே போனார்களா, புண்ணோ வலியோ இருந்ததா, பிள்ளைகள் கல்லெறிந்து பழக்கியிருக்கிறார்களா? குட்டி போட்ட நாயை வழி நடக்கும் இடத்திலும் பிள்ளைகள் விளையாடும் போரடியிலும் விடாமல் ஒதுக்கமாக அடைப்பது எங்கள் வீட்டில் அந்த வருடத்துக்குப் பிறகு வந்த பழக்கம்.

கடைசியாகக் கறவை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு. சந்தேகமான நாய் மாட்டைக் கடித்திருந்தால் அந்தக் காயத்தையும் கையுறை போட்டுக்கொண்டு சோப்புப் போட்டு அதேபோல் கழுவி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மாட்டுக்கும் ஊசித் தொடர் உண்டு. சில வாரம் கழித்து மாடு குரல் கம்மிக் கத்திக்கொண்டே இருந்தாலோ, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகினாலோ, தொண்டையில் கிழங்கோ கொட்டையோ அடைத்திருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். முன்பே கைவிட்டவர்கள் இருந்தால் அவர்களும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மாட்டின் பாலைக் கறந்து பயன்படுத்தாதீர்கள், கன்றையும் பிரித்துவிடுங்கள்.

நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஒன்று, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. போட்ட தேதியை, விதைப்புத் தேதி குறித்து வைக்கிற அதே நாட்காட்டியில் குறித்து, அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.